டகோட்டா வந்த வழி

விமான சாகசம் பார்க்கக் கூடுகிற கூட்டம் டகோட்டாவைப் பார்க்கவென்று வருவதில்லை. சூர்யகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி வந்து, புகையை விசிறிவிட்டுப் பிரிந்து போவதைப் பார்க்கத்தான் வெயிலில் நிற்கிறார்கள். நம் சூலூரிலிருந்து கிளம்பும் சாரங் குழுவின் ஹெலிகாப்டர்கள் மயில் வண்ணத்தில் வந்து குறுக்கும் நெடுக்கும் பாய்வதைப் பார்க்க வருகிறார்கள். ரஃபேல் செங்குத்தாக ஏறும் சத்தத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வதும் இதில் சேர்த்தி. இவற்றுக்கு நடுவே இரண்டு விசிறிகளோடு, அவசரமே இல்லாமல், ஒரு பழைய சரக்கு விமானம் நேராக வந்து நேராகப் போய்விடும். கரணம் கிடையாது, புகை கிடையாது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக நடந்த கண்காட்சியில் அந்த விமானமும் பறந்தது. கூட வந்தது ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானம். லட்சக்கணக்கில் மக்கள் திரண்ட நாள் அது. வெயிலும் நெரிசலும் தாங்காமல் ஐந்து பேர் உயிரிழந்த நாளும் அதுதான். மறுநாள் பேச்சு முழுக்க அந்தச் சாவுகளைப் பற்றியும் போக்குவரத்துக் குளறுபடியைப் பற்றியும் இருந்தது. இருந்திருக்கத்தான் வேண்டும். டகோட்டாவைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு விமானத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என்று கேட்கலாம். எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. தெற்கே போனால் ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். பல காலம் தூங்கிக் கிடந்து, 2018 மார்ச்சில்தான் உதான் திட்டத்தில் மறுபடி கண் விழித்தது. வடக்கே, 2004இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை எங்கள் மாவட்டமாகவே இருந்த ஓசூருக்குப் பக்கத்தில், பெலகொண்டபள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. சிறிய ரக விமானங்களைத் தனியார் துறையில் கட்டிப் பார்த்த இடம் அது. இன்னும் மேலே போனால் பெங்களூரு. ஈராண்டுக்கு ஒருமுறை எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சிக்கு எங்கள் ஊரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பிப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பலாம்.

ஆனால் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வண்டி லாரி. சேலம், நாமக்கல், தருமபுரி எல்லாமே லாரி பூமி. தொப்பூர் கணவாயில் இரவு முழுக்க பிரேக் வாடை அடிக்க இறங்குகிற வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் டகோட்டாவைப் பற்றிச் சொல்ல ஒரே சொல் போதும்: வானத்தில் ஓடிய லாரி. அழகுக்குக் கட்டியதில்லை. கொடுத்த லோடை ஏற்று, கிடைத்த பாதையில் ஓட்டு, பழுதானால் பாதையோரத்திலேயே பிரித்துச் சரிசெய் என்கிற சாதி வண்டி.

அமெரிக்கத் தளபதி ஐசனோவர் இரண்டாம் உலகப்போரில் வெற்றிக்கு மிக அவசியமாக இருந்த கருவிகளைப் பற்றி எழுதும்போது புல்டோசர், ஜீப், இரண்டரை டன் லாரி ஆகியவற்றோடு சி-47 விமானத்தையும் சேர்த்தார். இவற்றில் ஒன்றுகூடச் சண்டை போடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதையும் அவரே கவனித்துச் சொன்னார். அந்த சி-47தான் டகோட்டா. அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஸ்கைட்ரெயின். டகோட்டா என்பது ஆங்கிலேயர் வைத்தது. இந்தியாவில் நிலைத்தது ஆங்கிலேயர் வைத்த பெயர்தான்.

மூதாதை ஒரு பயணிகள் விமானம். டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 என்ற அந்த விமானம் 1935 டிசம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவில் முதன்முதலாகப் பறந்தது. போர் வந்ததும் அதன் தரையைப் பலப்படுத்தி, இடப்பக்கத்தில் பெரிய சரக்குக் கதவு வைத்து ராணுவத்துக்குக் கட்டத் தொடங்கினார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 95 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் இரண்டு. ஒவ்வொரு எஞ்சினிலும் பதினான்கு சிலிண்டர்கள் விசிறிக்குப் பின்னால் வட்டமாக நிற்கும். 28 வீரர்களை ஏற்றலாம். இந்த ராணுவ வகையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கட்டினார்கள்.

அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று 1944இல் ஓக்லஹோமா நகரத் தொழிற்சாலையில் உருவானது. அமெரிக்கா கட்டியது, பிரிட்டன் வாங்கிக்கொண்டது. பிரிட்டிஷ் விமானப்படையில் அதன் எண் கேஎன்397. போர் முடிந்தபின் ராணுவத்துக்குத் தேவைப்படாமல் போன ஆயிரக்கணக்கான டகோட்டாக்களைப் போல இதுவும் சிவில் வேலைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஜி-ஏஎம்எஸ்வி என்ற புதிய பதிவு எண். அடுத்த பல ஆண்டுகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கை மாறியது, சரக்கு ஏற்றியது, இறக்கியது. கடைசியில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர் அட்லாண்டிக் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் டகோட்டாக்களுக்கு ஒரு விசித்திரமான வேலை இருந்தது: கடலில் கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டினால் தாழப் பறந்துபோய் எண்ணெய்யைக் கரைக்கும் மருந்து தெளிப்பது. 1996இல் வேல்ஸ் கரையோரம் சீ எம்ப்ரஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டி, எழுபதாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தபோதும் டகோட்டாக்கள்தான் மருந்து தெளிக்கப் போயின. அறுபது வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்பு! தாழவும் மெதுவாகவும் பறக்கத் தெரிந்ததுதான் அதன் பலம்.

இந்தியாவுக்கும் டகோட்டாவுக்கும் உள்ள உறவு இதற்கெல்லாம் வெகு முந்தியது. அதில் எங்கள் பக்கத்து ஊரான பெங்களூருக்குப் பெரிய பங்கு. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் அங்கே தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ விமானங்களைப் பிரித்துச் செப்பனிடும் பெரிய பட்டறையாக மாறியது. பர்மா, அசாம், சீன எல்லை என்று மலைகளுக்கு மேல் ஓடி ஓய்ந்த வண்டிகள் வந்து நின்ற இடம் அது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் விட்டுப்போன டகோட்டாக்களை அதே தொழிற்சாலையில் பயணிகள் விமானங்களாக மாற்றினார்கள். சுதந்திரத்தை ஒட்டி முளைத்த தனியார் விமானக் கம்பெனிகள் அவற்றை வைத்துத்தான் பிழைத்தன. 1949 ஜனவரி கடைசியில் இரவுத் தபால் விமான சேவை தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி நான்கிலிருந்தும் ராத்திரியில் டகோட்டாக்கள் கிளம்பி நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். 1953இல் தனியார் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தபோது அதற்குச் சீதனமாக வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்.

விமானப்படையில் 12ஆம் ஸ்குவாட்ரனுக்கு 1946இல் டகோட்டா வந்தது. அடுத்த ஆண்டே அதன் தலையில் ஒரு தேசத்தின் அவசரம் வந்து விழுந்தது. 1947 அக்டோபர் 26 அன்று காஷ்மீர் மகாராஜா இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 27ஆம் தேதி காலையில் தில்லியிலிருந்து சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனை ஏற்றிக்கொண்டு டகோட்டாக்கள் ஸ்ரீநகருக்குக் கிளம்பின. பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவிய பழங்குடிப் படையினர் பாராமுல்லாவரை வந்துவிட்டார்கள். ஸ்ரீநகர் ஓடுபாதை யார் கையில் இருக்கிறது என்று விமானிகளுக்கே நிச்சயமாகத் தெரியாது. வட்டமடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். 12ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் கே.எல். பாட்டியா ஓட்டிய டகோட்டாதான் முதலில் இறங்கியது. தனியார் கம்பெனிகளின் விமானங்களும் அவற்றின் விமானிகளும்கூட இந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். நேற்றுவரை பயணி ஏற்றிய வண்டியில் இன்றைக்குத் துப்பாக்கியும் ரவையும் ஏறின. பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ரஞ்சித் ராய் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. காலாட்படை தினம் இன்றும் அக்டோபர் 27இல்தான் கொண்டாடப்படுகிறது.

முதலில் இறங்கிய அந்த டகோட்டாவின் எண் விபி 905. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

ஸ்ரீநகரைவிடப் பெரிய சாகசம் லே. என் கணக்கில் டகோட்டா செய்த ஒரே உண்மையான சாகசக் காட்சி அதுதான்; பார்க்கத்தான் கூட்டம் இல்லை. 1948 மே 24. ஏர் கமடோர் மெஹர் சிங் விமானத்தை ஓட்டுகிறார், பக்கத்தில் ஜெனரல் திம்மையா. டகோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு கிடையாது. இறக்கையில் பனி உறைந்தால் உருக்கவும் வழியில்லை. வழிகாட்ட ஒழுங்கான வரைபடமும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியை இமயத்தின் கணவாய்களுக்கு மேலே இருபதாயிரம் அடியைத் தாண்டி ஏற்றி, சிந்து நதிக்கரையில் பதினோராயிரம் அடிக்கு மேல் இருந்த மணல் திட்டில் இறக்கினார். அந்த ஓடுபாதையை உள்ளூர் ஆட்களை வைத்து அமைத்தவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. விமானியின் பெயரைச் சொல்கிறவர்கள் இந்தப் பொறியாளரை விட்டுவிடுகிறார்கள். வண்டி ஓட்டினவருக்குப் பாராட்டு, ரோடு போட்டவருக்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் ஊரிலும் வழக்கம்தான். முற்றுகையில் சிக்கிய பூஞ்சிலும் இதே கதை: ஊர்மக்களே மண் சுமந்து ஓடுபாதை போட்டுக் கொடுக்க, இதே மெஹர் சிங்கும் அவருடைய ஆட்களும் டகோட்டாக்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். போகிற போக்கில் பின்கதவு வழியாகக் குண்டுகளை உருட்டித் தள்ளி, சரக்கு வண்டியைக் குண்டுவீச்சு விமானமாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

பிறகு 1962இல் வடகிழக்கு எல்லையில் சாமான் போட்டது. 1971இல் வங்கதேச விடுதலைப் போராளிகளின் முதல் விமானப் பிரிவு நாகாலாந்தின் திமாப்பூரில் உருவானபோது அதற்கு இருந்தது மூன்றே விமானங்கள்: ஆட்டர் என்ற சிறு விமானம் ஒன்று, ஒரு ஹெலிகாப்டர், ஒரு டகோட்டா. அந்த டகோட்டா ஜோத்பூர் மகாராஜா கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று டாக்காவுக்கு வடக்கே டாங்கைல் பக்கத்தில் பாராசூட் படையின் இரண்டாம் பட்டாலியன் குதித்தது. வீரர்களைச் சுமந்து போன ஐம்பது விமானங்களின் அணியில் டகோட்டாக்களும் இருந்தன. ஐந்து நாளில் டாக்கா விழுந்தது. 1980களின் கடைசியில் விமானப்படை டகோட்டாவுக்கு விடை கொடுத்தது. ஒன்றிரண்டு அருங்காட்சியகத்துக்குப் போயின, சில முகாம் வாசல்களில் காட்சிக்கு நின்றன. மற்றவை பழைய இரும்புக்கு. பறக்கிற நிலையில் ஒன்றுகூட இல்லை.

நம்மிடம் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒன்றையாவது எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதனால்தான் இங்கிலாந்துக்குப் போய் வாங்க வேண்டியதாயிற்று.

வாங்கியவர் ராஜீவ் சந்திரசேகர். அப்போது மாநிலங்களவை உறுப்பினர், தொழிலதிபர். அவருடைய தந்தை ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2011இல் ஓடாமல் கிடந்த அந்தப் பழைய ஜி-ஏஎம்எஸ்வியை மகன் வாங்கினார். கோவென்ட்ரியில் ரீஃபிளைட் ஏர்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. விமானப்படைக்குச் சும்மா தருகிறேன் என்று அவர் சொன்னபோது, இப்படி ஒரு பரிசை ஏற்க விதியில்லை என்று முதலில் மறுத்துவிட்டார்கள். தானமாக வந்த மாட்டுக்கும் நம் அரசாங்கத்தில் கோப்பு வேண்டும். மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக வந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. 2018 பிப்ரவரி 13 அன்று தில்லியில் விமானப்படைத் தளபதி பி.எஸ். தனோவாவிடம் தானப் பத்திரம் போய்ச் சேர்ந்தது.

அடுத்து அதை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். பிரித்துக் கப்பலில் ஏற்றியிருக்கலாம். ஆனால் ஓட்டியே கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். 2018 ஏப்ரல் 17 அன்று கோவென்ட்ரியிலிருந்து கிளம்பியது. ஃபிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம், ஜோர்டான், சவூதி அரேபியா, பஹ்ரைன், ஓமன் என்று நின்று நின்று வந்தது. ஏழெட்டு மைல் உயரத்தில் பயணிகள் ஜெட்டுகள் ஒரே தாவலில் தாண்டிவிடுகிற தூரம் அது. டகோட்டாவுக்கு அந்த உயரமும் கிடையாது, அந்த வேகமும் கிடையாது. காற்றழுத்த வசதி இல்லாத விமானத்தில் ஆட்கள் சாதாரணமாக மூச்சுவிட வேண்டுமானால் பத்தாயிரம் அடியை ஒட்டித்தான் பறக்க வேண்டும். அதாவது மேகத்துக்கு மேலே தப்பித்துப் போக முடியாது. மழை, தூசி, வெப்பக்காற்று எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்துதான் வரவேண்டும். ஏப்ரல் மாத அரேபியப் பாலைவனத்தின் வெக்கையில், பழைய எஞ்சினின் சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று கோடையில் கணவாய் ஏற்றம் ஏறிய எந்த லாரி டிரைவரும் சொல்வார். ஏப்ரல் 25 அன்று குஜராத்தின் ஜாம்நகரில் இறங்கியது. ஒன்பது நாள். இன்றைய பயணி இதே தூரத்தை ஒரு பகல் தூக்கத்தில் கடந்துவிடுவார்.

மே 4 அன்று தில்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் தளத்தில் முறைப்படி விமானப்படையில் சேர்ந்தது. பரசுராமா என்று பெயர் வைத்தார்கள். கொடுத்தவர் மலையாளி என்பதால் கோடரி எறிந்து கேரளத்தை மீட்ட கதை பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி ஒன்றுகூட இல்லாத சரக்கு வண்டிக்கு மழு ஏந்தியவர் பெயர் கொஞ்சம் தூக்கல்தான்.

பெயரோடு எண்ணும் மாறியது. வாலில் எழுதிய எண்: விபி 905.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். ஸ்ரீநகரில் இறங்கிய விபி 905 வேறு விமானம். இது பிரிட்டிஷ் விமானப்படையின் கேஎன்397. மாலையிட்டுப் பொட்டு வைத்து, இன்னொருவரின் சட்டையை மாட்டிவிட்டது போல இருக்கிறது. விமான வரலாற்றைத் துல்லியமாகப் பின்தொடர்கிறவர்களுக்கு இது பொய் வேடம். ஒரு தகடு, ஒரு திருகாணி எந்த விமானத்தில் இருந்தது என்று எண்ணி எண்ணிப் பட்டியல் போடுகிற கூட்டம் அது. அவர்கள் கோபம் நியாயமானதே. விமானப்படை ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீநகருக்குப் போன விமானத்தின் நினைவாகத்தான் இந்த எண் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் நான் விமானப்படையின் பக்கம்தான் சாய்கிறேன். டகோட்டா என்ற வகையே உதிரிகளால் வாழ்ந்தது. இதன் எஞ்சினை அதற்கு மாட்டுவார்கள், அதன் இறக்கை நுனியை இதற்கு வைப்பார்கள். பெங்களூரு பட்டறையில் எத்தனை வண்டிகளிலிருந்து எத்தனை வண்டிகளைச் சேர்த்தார்களோ! இந்த விமானத்துக்கே அமெரிக்காவில் ஒரு எண், பிரிட்டிஷ் படையில் ஒரு எண், சிவில் பதிவில் ஒரு எண் இருந்தது. நான்காவதாக வந்த எண் மட்டும் அதற்குச் செய்யாத ஒரு வேலையின் புகழைத் தருகிறது. அந்த வேலையைச் செய்தது அதன் கூடப்பிறந்த வண்டி. இருந்தும் ஒரு நிபந்தனை. எங்கே காட்சிக்கு வைத்தாலும் கேஎன்397 என்ற பழைய எண்ணும் கீழே ஒரு வரியில் இருக்க வேண்டும். கடலில் எண்ணெய் கரைக்க மருந்து தெளித்த வண்டிகளின் கூட்டத்தில் இருந்ததும் கௌரவக் குறைச்சல் அல்ல.

இந்தியாவுக்கு வந்தபின் அதன் வேலை பறந்து காட்டுவது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அணியாகப் பறக்க வேண்டுமானால் வேகம் ஒத்துப்போக வேண்டும். ஜெட்டோடு டகோட்டாவைச் சேர்த்தால் ஜெட் மெதுவாகப் போக முடியாமல் தடுமாறும், டகோட்டா முக்கி முனகினாலும் எட்டிப் பிடிக்காது. அதனால் கூட்டாளிகளைப் பார்த்துத்தான் சேர்க்க முடியும். 2021 குடியரசு தினத்தில் தில்லி வானில் ‘ருத்ரா’ அணி வந்தது: நடுவில் டகோட்டா, இரு பக்கமும் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள். வங்கதேசப் போரின் பொன்விழா ஆண்டு அது. 2022இலும் 2024இலும் ‘டாங்கைல்’ என்ற பெயரில் டகோட்டாவோடு இரண்டு டோர்னியர்கள் அம்புமுனை வடிவில் பறந்தன. டோர்னியர் நம் கான்பூரில் கட்டப்படும் இரட்டை விசிறி விமானம். டாங்கைலில் பாராசூட் வீரர்களைக் கொண்டுபோனதன் நினைவுதான் அந்தப் பெயர். தொலைக்காட்சியில் இருபது வினாடிகூட வராது.

சரக்கு விமானத்தால் சாகசமே முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்க விமானப்படையில் 1957 முதல் 1960 வரை ‘நான்கு குதிரை வீரர்கள்’ என்ற பெயரில் ஒரு குழு இருந்தது. அப்போது புதிதாக வந்திருந்த சி-130 ஹெர்குலிஸ், ஒவ்வொன்றிலும் நான்கு எஞ்சின். அப்படி நான்கு விமானங்கள் வைர வடிவில் நெருக்கமாகப் பறந்து, கூட்டத்துக்கு முன்னால் நாலு திக்கிலும் பிரிந்து காட்டின. நான்கு எஞ்சின் விமானங்களைக் கொண்ட ஒரே காட்சிக் குழு அதுதான். மூன்று வருஷத்தில் கலைத்துவிட்டார்கள். விமானங்களுக்கு உண்மையான சுமை வேலை காத்திருந்தது. இன்று ஹிண்டனில், பரசுராமா சேர்ந்த அதே தளத்தில், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சி-130ஜே விமானங்கள் நிற்கின்றன. 2013 ஆகஸ்டில் அவற்றில் ஒன்றுதான் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில் பதினாறாயிரம் அடிக்கு மேலே இறங்கியது. மெஹர் சிங் 1948இல் போட்ட வழியின் நீட்சி என்று அதைச் சொல்லலாம். தற்பெருமைக்காக இல்லை, அங்கே ஆட்களுக்கு அரிசியும் மருந்தும் போக வேண்டியிருந்தது.

பறக்க வைத்தாகிவிட்டது, இனி தானாக ஓடும் என்று நினைத்தால் தவறு. இந்த எஞ்சின் சாதாரண விமான எரிபொருளைக் குடிக்காது. ஜெட்டுக்குப் போடுவது மண்ணெண்ணெய் வகை. இதற்கு வேண்டியது விமானப் பெட்ரோல். அதை இந்தியா வெகுகாலம் வெளியிலிருந்துதான் வரவழைத்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. பயிற்சிப் பள்ளிகளின் சிறிய விமானங்களுக்காகச் செய்ததுதான், ஆனால் பழைய எஞ்சின்களுக்கும் அதுவே தாய்ப்பால். கிளப்புவதற்கு முன் இன்னொரு சடங்கும் உண்டு. வட்டமாக நிற்கும் சிலிண்டர்களில் அடியில் உள்ளவற்றில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் சுற்றிவிட்டால் எஞ்சினுக்குள் கம்பி வளைந்துபோகும். அதனால் ஆட்கள் விசிறியைக் கையால் பிடித்துச் சில சுற்று சுற்றிவிட்ட பிறகுதான் கிளப்புவார்கள். விமானப்படையின் கணினி வழிப் பராமரிப்புப் பாடத்தில் இதெல்லாம் வராது. கை பழகினவர் சொல்லித்தந்தால்தான் உண்டு.

என் கவலை அங்கேதான். விமானம் கிடைத்துவிட்டது, கை பழகினவர்களின் பேச்சுதான் பதிவாகவில்லை. 2019 ஜூனில், இரண்டாம் உலகப்போரின் நார்மண்டித் தரையிறக்கத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து டகோட்டாக்கள் கூட்டமாகக் கிளம்பி வந்து பிரான்ஸ் வானத்தில் பறந்தன. அங்கெல்லாம் அவற்றை ஓட்டியவர், பழுது பார்த்தவர் பேச்சைப் பதிந்து வைக்கிற வழக்கம் இருக்கிறது. நமக்குத் தளபதிகளின் பெயர் தெரியும். பெங்களூரு பட்டறையில் ரிவெட் அடித்தவர், ஜோர்ஹாட்டில் விடியற்காலைக் குளிரில் விசிறியைக் கையால் சுற்றினவர், மூட்டையைக் கதவு வழியாகத் தள்ளிவிட்டவர் பெயர் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து விமானப்படையில் தொழில்நுட்பப் பணிக்குப் போனவர்கள் ஏராளம். டகோட்டா ஓய்வுபெற்ற நாளில் முப்பது வயதில் இருந்த ஒரு மெக்கானிக்குக்கு இப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கும். இன்னும் பத்து வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். கைபேசியில் பதிந்தாலே போதும். இறந்து போயிருந்தால் அவருடைய இரும்புப் பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பணிப்புத்தகத்திலோ படத்தின் பின்பக்கத்திலோ ஒரு டகோட்டாவின் வால் எண் எழுதியிருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள், தேதியும் ஊரும் சேர்த்து.